வாவிக்கரை ஊர்ல புள்ளைகளோட பத்து நாள் தங்கலாமா?

பெப்ரவரி 18
வாசகர் ஒராள் கேட்டிருந்தது: "நாங்க கொழும்பில இருக்கிறம், ரெண்டு புள்ளைகள். சித்திரை லீவுக்கு நாலு நாள் மட்டக்களப்பு வரலாமெண்டு யோசனை. கேக்கிற ஆக்கள் எல்லாரும் பாசிக்குடாவத்தான் சொல்றாங்க, எனக்கு கடல் வேணாம், வாவிப் பக்கம் அமைதியான ஊர் ஒண்டு வேணும். புள்ளைகளுக்கு கூத்தும் காட்டோணும். ஆனா கூத்தெல்லாம் இப்ப கம்பஸ் மேடையில மட்டும்தான், ஊருக்குள்ள முடிஞ்சு போச்சு எண்டு ஒராள் சொன்னார். சரியா?"

பெப்ரவரி 18, இரவு
சரியில்ல. ஊருக்குள்ளதான் இருக்கு. போன வருசம் சித்திரை லீவுக்கு நாங்க வாவிக்கு அக்கரையில, படுவான்கரையில, என்ட பெரியம்மா வீட்டில பத்து நாள் இருந்தம், மகனுக்கு 11 வயசு, மகளுக்கு 8. கொக்கட்டிச்சோலையில இருந்து உள்ளுக்க போற பக்கம், வீட்டுப் பின் வேலிய தாண்டினா வாவி. கிழமைக்கு ஒருக்கா ஆடிக் காட்டுற கிழமைக் கூத்து ரெண்டு பாத்தம், கூத்துப் பழக்கிற அண்ணாவியார் மத்தளத்தோட குந்தியிருந்து சின்னப் பொடியனுக்கு மிதி சொல்லிக் குடுக்கிறத கைக்கெட்டின தூரத்தில இருந்து பாத்தம். மேடையில அதக் காட்ட ஒண்ணா.

நாலு நாள் எண்டா வராதீங்க. குறைஞ்சது ஒரு கிழமை. மிச்சம் நாளைக்கு எழுதுறன், கண் சொருகுது.

பெப்ரவரி 19
நேத்து "நாலு நாள் எண்டா வராதீங்க" எண்டு எழுதினது கொஞ்சம் கூடிப்போச்சு, லீவு கிடைக்கிறத வச்சுத்தானே வாறது. நான் சொல்ல வந்தது இதுதான்: முதல் மூண்டு நாள் என்ட புள்ளைகளுக்கு அங்க ஒண்டுமே புடிக்கல்ல. வெக்கை, நுளம்பு, போன்ல சிக்னல் ஒரு கோடு. மகன் மூணாம் நாள் பின்னேரம் "எப்ப போறம்" எண்டு அழுறான். நாலாம் நாள்தான் பெரியப்பாவோட தோணில ஏறினான், அஞ்சாம் நாள் விடியச்சாமம் தானா ஒழும்பிப் போய் தோணிக்கிட்ட நிக்கிறான். நாலு நாளில கிளம்பியிருந்தா அந்த அழுகையோடதான் திரும்பியிருப்பான். அதனாலதான் அப்பிடிச் சொன்னன்.

போற வழி: கோட்டையில இருந்து உதயதேவி பகல் ரெயின், கல்ஓயா சந்தியில பிரிஞ்சு பொலநறுவை, வாழைச்சேனை பாத்து வரும். பகல்லயே வாங்க, வெலிக்கந்தை தாண்டினாப் பிறகு யன்னல் பக்கத்த விடாதீங்க. ரவுணில இறங்கி மண்முனைப் பாலம் தாண்டினா படுவான்கரை. அந்தப் பாலம் 2014லதான் திறந்தது. அதுக்கு முந்தி பாதை. பாதை எண்டா வெளியூர் ஆக்கள் ரோட்டெண்டு நினைப்பாங்க, இஞ்ச பாதை எண்டா ஆக்களையும் வாகனத்தையும் ஏத்திக்கொண்டு வாவியக் கடக்கிற மிதவை. நான் சின்ன வயசில பெரியம்மா வீட்ட போறதெண்டா அதுக்காக மணிக்கணக்கா காத்து நிக்கிறது. காய்ச்சல்காரன தூக்கிக்கொண்டு அக்கரையில நிண்டு கத்துறவங்களயும் பாத்திருக்கன். அதனால பாலம் வந்து ஊர்ட அழகு போச்சு எண்டு யாரும் சொன்னா எனக்குத் தாங்க ஏலாது.

பாதையில போய்ப் பாக்க ஆசையெண்டா குருமண்வெளியில இருந்து மண்டூருக்கு போங்க. நாங்க போனது அதிலதான். மண்டூர் முருகன் கோயிலச் சின்னக் கதிர்காமம் எண்டுவாங்க, பூசை செய்றவர் வாயத் துணியால கட்டிக்கொண்டு செய்வார். மகள் அத வைச்ச கண் வாங்காமப் பாத்துக்கொண்டு நிண்டாள்.

பெப்ரவரி 19, பின்னேரம்
வாவிக்கரையில இருந்து பொழுது படுறதப் பாக்க மறக்காதீங்க, தண்ணி முழுக்க செம்பு நிறமாகும்.

பெப்ரவரி 20
மேல பின்னேரம் எழுதினது பிழை! தங்கச்சி வாசிச்சிட்டு கோல் எடுத்து ஏசினாள். படுவான்கரை வாவிக்கு மேற்குப் பக்கம். அங்க இருந்து பாத்தா தண்ணிக்கு மேல சூரியன் எழும்பும், படாது. பொழுது படுறது பின்னால வயல் பக்கம். தண்ணியில சூரியன் விழுறதப் பாக்கிறதெண்டா இக்கரையில, எழுவான்கரையில நிக்கோணும். பேர்லயே இருக்கு, எழுவான் எண்டா எழும்புற பக்கம், படுவான் எண்டா படுற பக்கம். நான் பாத்த செம்பு நிறம் விடியக் காலமை பாத்தது, மனசுக்குள்ள பின்னேரமா மாறிக்கிடந்திருக்கு.

வாவிட அளவு கேட்டீங்க. வடக்கத்த ஏறாவூர்ப் பக்கம் இருந்து தெற்க கல்முனைப் பக்கம் வரைக்கும் கிட்டத்தட்ட 56 கிலோமீற்றர் நீளம். கடலோட சேருற வாய் ரெண்டு, ஒண்டு பாலமீன்மடு முகத்துவாரம், மற்றது கல்லாறு. மாரியில வெள்ளம் வந்தா வாய் வெட்டி விடுவாங்க, வயல் வட்டைத் தண்ணி கடலுக்கு ஓடும். கோடையில மணல் மூடிரும். அதால ஒரே வாவி மாரியில நன்னீர் மாதிரியும் கோடையில உப்பாயும் இருக்கும், மீனும் அதுக்கேத்த மாதிரி மாறும். நாங்க போன நேரம் மணலையும் இறாலும் நல்லா பட்டுது. பெரியம்மா மணலை மீனுக்கு புளியாணம் வைப்பா, இறாலுக்கு பாலாணம். ஆணம் எண்டா குழம்பு, கொழும்பில ஆணம் எண்டு சொன்னா ஆருக்கும் விளங்காது. என்ட புள்ளைகளுக்கே விளங்கல்ல, முதல் நாள் "ஆணம் விடட்டா மனே" எண்டு பெரியம்மா கேக்க மகன் ஆணி எண்டு நினைச்சு கோப்பைய இழுத்துட்டான். பெரியம்மா அதச் சொல்லிச் சொல்லி பத்து நாளும் சிரிச்சா.

பெப்ரவரி 23
கூத்துக்கு வாறன், ரெண்டு பேர் திரும்பக் கேட்டிட்டாங்க.

எப்ப போனா பாக்கலாம்? வேளாண்மை வெட்டி சூடடிச்சு முடிஞ்சாப் பிறகுதான். மாரி வேளாண்மை மாசி பங்குனியில வெட்டு முடியும், கையில கொஞ்சம் காசும் இரவில நேரமும் வரும், அப்பதான் ஊர்ல பெரிய ஆக்கள் கூடி இந்த வருசம் என்ன கூத்து எண்டு பேசுவாங்க. பிறகு சட்டங் குடுக்கிறது, எண்டா ஆருக்கு என்ன பாத்திரம் எண்டு பிரிச்சு பாட்டுக் கொப்பியக் குடுக்கிறது. குரல், உயரம், ஆட்டத்துக்கு கால் வருமா எண்டெல்லாம் அண்ணாவியார் பாப்பார். அதுக்குப் பிறகு இரவிரவா பழக்கம். கொஞ்சம் தேறினா கிழமைக் கூத்து, கிழமைக்கு ஒருக்கா ஊர்ச் சனத்துக்கு முன்னால ஆடிக் காட்டுறது. சதங்கை அணி விழா, அதுக்குப் பிறகு அடுக்குப் பாக்கிறது, அதுல முழுக் கூத்தையும் தொடக்கத்தில இருந்து முடிவு வரைக்கும் ஒழுங்காப் போட்டுப் பாப்பாங்க, உடுப்பு மட்டும் இல்ல. கடைசியில அரங்கேற்றம், இரவு தொடங்கி விடிய விடிய. மாசக்கணக்கில போற வேலை. பழகிறவங்க பகல்ல வயல்ல நிக்கிறாங்க, மேசன் வேலைக்குப் போறாங்க, வாவியில வலை வீசிறாங்க, இரவு ஒம்பது மணிக்கு களரிக்கு, எண்டா கூத்து ஆடுற இடத்துக்கு, வாறாங்க.

சித்திரையில போனா அரங்கேற்றம் கிடைக்கிறது அதிஷ்டம். பழக்கமும் கிழமைக் கூத்தும் கிடைக்கும். எனக்கு அரங்கேற்றத்த விட பழக்கம்தான் புடிச்சது. முதல் கிழமைக் கூத்தில கால் பிழைச்ச பொடியன் அடுத்த கிழமை அதே இடத்துல சரியா மிதிச்சுட்டுப் போக, சுத்தி இருந்த சனம் முழுக்க மூச்ச விட்டிச்சு. அவன்ட அம்மா சீலைத் தலைப்பால முகத்த மூடிக்கொண்டா. கிழமைக் கணக்கா அந்த ஊரில இருந்தாத்தான் அந்த மூச்சு என்ன மூச்செண்டு விளங்கும்.

பெப்ரவரி 23, இன்னொண்டு
வடமோடி தென்மோடி வித்தியாசம் கேட்டவருக்கு. வடமோடியில கூடுதலா பாரதம், இராமாயணக் கதை, போர், ஆட்டம் வேகம், அரச பாத்திரத்துக்கு கரப்புடுப்பு. தென்மோடியில பாட்டு இழுத்துப் பாடுறது கூட, உடுப்பு பாரம் குறைவு. கரப்புடுப்ப இடுப்பில கட்டினா வட்டமா விரிஞ்சு நிக்கும். பெரியப்பா வாவி ஓரத்துல மீன் மூடிப் புடிக்கிற கரப்பையும் மகன் அந்தக் கிழமைதான் பாத்தான், "ரெண்டுக்கும் ஒரே பேரா" எண்டு கேட்டான். நாப்பது வயசுக்கு நான் அத யோசிச்சதே இல்ல.

மார்ச் 2
ஒரு மனவருத்தம் எழுதோணும். போன பயணத்துல கடைசி ஒரு இரவு நாங்க கரையோரத்தில ஒரு தங்குமிடத்தில நிண்டம், பேர் வேணாம். இரவுச் சாப்பாட்டுக்கு "பாரம்பரியக் கூத்து" எண்டு போட்டிருந்தாங்க. நாலு பேர், பளபளக்கிற உடுப்பு, மத்தளம் ரெக்கோட்டிங்ல போகுது, பதினைஞ்சு நிமிசம். வந்திருந்த ஆக்கள் சாப்பிட்டுக்கொண்டே பாத்தாங்க. என்ட மகள் என்ட காதுக்குள்ள "அப்பா, அண்ணாவியார் எங்க?" எண்டு கேட்டாள். ஆடினவங்கள்ல பிழை இல்ல, அவங்களும் காசுக்காக வந்த ஊர்ப் பொடியங்கதான், நல்லா ஆடினாங்க. ஆனா மத்தளம் அடிக்கிற மனிசன் இல்லாம ஆட்டக்காரன் ஆரப் பாத்து ஆடுவான்? அண்ணாவியார் அவன்ட காலப் பாத்து அடிப்பார், இவன் அவர்ட கையப் பாத்து மிதிப்பான். சுருக்கினாலே கூத்து செத்துரும், விடிய விடிய ஆடாட்டி அது கூத்தில்ல.

மார்ச் 3
இரவு முழுக்க மேல எழுதினத யோசிச்சன், கடைசி வரி சரியில்ல. பேராசிரியர் வித்தியானந்தன் 1960கள்ல பேராதனைக் கம்பஸ்ல மட்டக்களப்பு அண்ணாவிமார வச்சு விடிய விடிய ஆடின கூத்த ஒண்டு ஒண்டரை மணித்தியாலத்துக்கு சுருக்கினார்தானே. அவர் அண்டைக்கு அதச் செய்யாட்டி படிச்ச சனம் கூத்தத் திரும்பிப் பாத்திருக்காது. அதில மாணவனா ஆடின மௌனகுரு சேர் பிறகு வாழ்நாள் முழுக்க அதையே செய்தார், கல்லடியில இருக்கிற விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துல இப்ப கூத்து, இசை, நடனம், ஓவியம் எல்லாம் படிக்கலாம். அந்தச் சுருக்கம் வேற. அதுக்குள்ள அண்ணாவியார் இருந்தார், மத்தளம் உயிரோட இருந்தது, பழக்கம் மாசக்கணக்கில நடந்தது. எனக்கு நொந்தது நேரம் குறைஞ்சதால இல்ல, பழக்கம் இல்லாததாலதான். நேத்து அத நேரத்து மேல போட்டுட்டன்.

மார்ச் 3, மத்தியானம்
"பொம்புளப் புள்ளைகள் ஆடுவாங்களா" எண்டு ஒரு அக்கா கேட்டிருந்தா. ஊர்க் களரியில காலங்காலமா ஆம்புளைகள்தான், பெண் பாத்திரமும் அவங்கதான். என்ட மகளும் இதத்தான் கேட்டாள், களரி ஓரத்தில அவளும் "தெய்யத்தா தெய்" எண்டு மிதிச்சுக்கொண்டு நிண்டவள், ஒரு கிழவி "பொட்டைக்கு கால் நல்லா வருகுது கா" எண்டா. பிறகு ஏன் உள்ளுக்க எடுக்கிறாங்க இல்ல எண்டு மகள் கேக்க எனக்கு பதில் வரல்ல. இப்பவும் பழக்கம் எண்டு சொல்லித் தட்டிவிட மனசு வரல்ல. சீலாமுனை ஊர்ல ஜெயசங்கர் சேர் ஆக்கள் ஊர்ச் சனத்தோட குந்தியிருந்து கூத்துப் பாட்டுல பொம்புளைகளப் பத்தியும் சாதியப் பத்தியும் வாற இடங்கள கேள்வி கேட்டு, பேசி, மாத்தி ஆடினது இருக்கு. கம்பஸ்லயும் பெண் புள்ளைகள் ஆடுறாங்க. ஊர்க் களரியும் அந்த வழிக்கு வரோணும் எண்டதுதான் என்ட ஆசை.

மார்ச் 9
பாடும் மீன், இந்த வாவிக்குள்ள மீன் பாடும் எண்டு சொல்ற கதை. எத்தினை பேர் கேட்டிட்டீங்க!

நான் கல்லடியில பிறந்து வளந்தவன், இதுக்கு முந்தி ஒரு நாளும் கேட்டதில்ல, அதனால பள்ளிக்கூடத்து கதையெண்டுதான் நினைச்சிருந்தன். பெரியப்பா பறுவத்துக்கு, எண்டா பூரணைக்கு, அடுத்த நாள் இரவு எங்கள தோணில கூட்டிக்கொண்டு போனார். காத்து இல்ல. எஞ்சின் பூட்டாத தோணி. நடுவில நிப்பாட்டி தோணி வலிக்கிற சவளத் தண்ணிக்குள்ள விட்டு மற்ற நுனிய காதில வைக்கச் சொன்னார். மகன் வச்சான், மகள் வச்சாள், நான் வச்சன். முதல் ஒண்டும் இல்ல. கனநேரத்துக்குப் பிறகு அடியில இருந்து மெல்லிசா, கம்பி அதிருற மாதிரி ஒரு சத்தம், நிண்டு நிண்டு, பிறகு இன்னொண்டு கொஞ்சம் தடிப்பா. மகன் சவள விடவே இல்ல.

1848ல இலங்கைக்கு குடியேற்றச் செயலாளரா இருந்த எமர்சன் டெனன்ற் மட்டக்களப்புக்கு வந்து தோணில போய் இதக் கேட்டு எழுதியிருக்கார், ஈர விரலால வைன் கிளாஸ் விளிம்பத் தேய்க்கிற மாதிரி மெல்லிசான சத்தம் எண்டு. அப்பவே இஞ்ச மீன் புடிக்கிறவங்க அவருக்கு மீனச் சொல்லல்ல, ஊரியத்தான் சொல்லியிருக்காங்க, சிப்பிக்குள்ள இருக்கிற அந்த ஊரி. பெரியப்பாவும் அதத்தான் சொன்னார், "மீனில்ல மனே, ஊரி கத்துது". 1950கள்ல இஞ்ச இருந்த அமெரிக்க ஜேசுசபை பாதர் லாங் தண்ணிக்குள்ள மைக்க விட்டு ஒலிப்பதிவும் செய்தவர். காரைதீவில பிறந்த விபுலானந்த அடிகள் இந்தச் சத்தத்த தண்ணிக்குள்ள இருந்து பாடுற பெண்களா வச்சுப் பாடினவர், அடிகள் யாழ்ட இசையத் தேடித் திரிஞ்ச மனிசன், அவருக்கு இந்த வாவி எப்பிடிக் கேட்டிருக்கும் எண்டு அந்த இரவுக்குப் பிறகுதான் நான் யோசிச்சன்.

மார்ச் 9, இரவு
கல்லடிப் பாலத்துக்கு கீழதான் கேக்கும் எண்டு எழுதியிருக்கிற தம்பிக்கு: அந்த இடத்துக்குத்தான் பேர். ஆனா இப்ப வாகனச் சத்தமும் வெளிச்சமும். சத்தம் குறைஞ்ச இரவு, நடுத்தண்ணி, பொறுமையான ஒரு தோணிக்காரர், மூண்டும் வேணும். முதலை இருக்கிற வாவி, காலையோ கையையோ தொங்கப் போடாதீங்க. புள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் நீங்களே கொண்டு வாங்க, ஊர்த் தோணில இருக்காது.

மார்ச் 16
சின்னச் சின்ன விசயம். வயல் பக்கம் பொழுது பட்டா போகாதீங்க, ஆனை வரும். படுவான்கரை சனத்துக்கு அது கண்ணீர்க் கதை, தென்னை போச்சு, வீட்டுச் சுவர் போச்சு, உயிரும் போயிருக்கு. ஆனை பாக்க ஆசையா இருக்கெண்டு அவங்களிட்ட சொல்லாதீங்க.

காலமை வாவி ஓரத்து கண்ணா மரக் காட்டுப் பக்கம் குந்தியிருந்தா கூழைக்கடா, நாரை, நீர்க்காகம் எல்லாம் வரும். நீர்க்காகம் செட்டைய விரிச்சு காயப்போடுறத மகள் கொப்பியில வரைஞ்சாள், அந்தப் பத்து நாளில ஒரு கொப்பி முடிஞ்சிட்டு.

முட்டித் தயிர் வாங்குங்க. எருமைத் தயிர், முட்டியச் சரிச்சாலும் விழாது. களுதாவளைப் பக்கம் வெத்திலைத் தோட்டம். நெசவு பாக்கிறவங்க அம்பாறைப் பக்கம் மருதமுனைக்கு போங்க, தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே சாரனோ சீலையோ வாங்கலாம், என்ட மனிசி ரெண்டு சீலை எடுத்தா, கழுவக் கழுவ நல்லா வருது.

கச்சான் காத்து, மேற்கில இருந்து வாற சுடுகாத்து, தொடங்கினா பகல்ல வெளிய திரிய ஒண்ணா. அது வேற, திங்கிற கச்சான், நிலக்கடலை, வேற, மகன் குழம்பினான்.

மார்ச் 27
கேள்வி கேட்டவர் எழுதியிருக்கார், எட்டு நாள் லீவு எடுத்துட்டாராம். சந்தோசம்! சித்திரையில ஏலாமப் போற மத்த ஆக்கள் வைகாசிய யோசியுங்க, கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்து, அம்மனக் குளிர வைக்கிற சடங்கு, குளிர்த்தி, நடக்கிற நாள்கள். கண்ணகி கதை சொல்ற வழக்குரை படிக்கிறதக் கேக்கலாம், சில ஊர்ல பொடியங்க கம்பு தட்டி வசந்தன் ஆடுவாங்க. கொம்புமுறி முந்தி பெரிசா நடந்தது, ஊர் வடசேரி தென்சேரி எண்டு ரெண்டாப் பிரிஞ்சு கொம்பக் கொழுவி கயிறு கட்டி இழுக்கிறது. பெரியம்மா தென்சேரி, பெரியப்பா வடசேரி. இத்தனை வருசத்துக்குப் பிறகும் அந்தப் பேச்சு எடுத்தா ரெண்டு பேரும் சத்தம் போடுவாங்க.

ஏப்ரல் 5
கடைசியா ஒண்டு கேட்டிருந்தீங்க, களரிக்கு போகேக்க என்ன கொண்டு போறதெண்டு. வெத்திலை பாக்கு, சீனி, தேயிலை. பழகிறவங்களுக்கு நடுச்சாமத்துல தேத்தண்ணி ஊத்துவாங்க, அதுக்கு ஆகும். குந்த ஒரு பாய். போன் லைட் அடிச்சு வீடியோ எடுக்காதீங்க, கேட்டிட்டு எடுங்க, கிழமைக் கூத்தில கால் பிழைக்கிற பொடியன் பிழைக்கிறது அவன்ட ஊருக்கு முன்னாலதான், உலகத்துக்கு முன்னால இல்ல. அண்ணாவியாருக்கு கிட்ட இடம் தந்தா குந்துங்க, மத்தளம் நெஞ்சில அடிக்கும்.

ஏப்ரல் 5, இரவு
இப்பதான் பெரியம்மா கோல் எடுத்தா. இந்த வருசக் கூத்துக்கு சட்டங் குடுத்திட்டாங்களாம், பழக்கம் தொடங்கி ரெண்டு கிழமை. போன வருசம் கால் பிழைச்ச பொடியனுக்கு இந்த முறை வீமன். மகன் கேட்டவுடன பேக்க எடுத்திட்டான். நாங்க பத்தாம் தேதி உதயதேவியில வாறம்.